தவசிக்கனி கையில டிக் டிக்

எங்க ஊரு பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல ஒரு வாட்சு ரிப்பேர் கடை. அதுல வேலைக்கு மூணு அண்ணன் தம்பி. மூத்தவன் ஊய்க்காட்டான், நடுவுல கொம்பையா, கடைக்குட்டி பலவேசம். மூணு பேரு தலையையும் சேத்துக் குலுக்கினாலும் உள்ள இருந்து ஒரு சத்தம் வராது.

முதலாளி கல்யாண வீட்டுக்குப் பொறப்படையில சொல்லிட்டுப் போனாரு. "லேய், நான் வாற வரைக்கும் ஒரு வாட்சையும் தொறக்கப்பிடாது. டிக் டிக்குன்னு சத்தம் வராம ஒரு வாட்சும் இந்தக் கடையத் தாண்டப்பிடாது. கடை பேரு கெட்டுரும்."

மூணு பேரும் தலைய ஆட்டினானுவ. ஆட்டுறதுல மட்டும் கெட்டிக்காரனுவ.

மறுநா காலையில தவசிக்கனி வேர்க்க விறுவிறுக்க ஓடியாந்தாரு.

"வே, ரிப்பேருக்குக் குடுத்த என் வாட்சு ரெடியா?"

"இல்ல அண்ணாச்சி"ன்னான் ஊய்க்காட்டான்.

"எப்ப ரெடியாவும்?"

"தொறந்து பாத்தாத்தான் தெரியும்."

"அப்பத் தொறந்து பாரும்."

"தொறக்கப்பிடாது அண்ணாச்சி."

தவசிக்கனி தலையில அடிச்சுக்கிட்டாரு. "சரி, ரிப்பேரே வேண்டாம். அப்படியே குடும். அது எங் கல்யாணத்துக்கு எம் மாமனாரு போட்ட வாட்சு. மத்தியான பஸ்ஸுல அவரு வாராரு. கையில அது இல்லேன்னா வித்துத் தின்னுட்டேன்னு எம் பொஞ்சாதியக் கூட்டிட்டுப் போயிருவாரு. போன தடவை மோதிரத்தக் காணோம்னு அதத்தான் செஞ்சாரு!"

"தாராளமாக் குடுக்கலாம். டிக் டிக் வரணுமே?"

"அது வராமத்தானய்யா உங்கிட்டக் குடுத்தேன்!"

"நீங்க சத்தம் போடாதீங்க அண்ணாச்சி"ன்னான் கொம்பையா. "போட வேண்டியது வாட்சு."

பொறவு மூணு பேரும் வட்டமா உக்காந்து ரோசனை பண்ணானுவ.

"இதுக்குச் சத்தம் போடத் தெரியலண்ணே. தெரிஞ்ச வாட்சுக கூடச் சேத்து வச்சாக் கத்துக்கிடும்லா?"ன்னான் கொம்பையா.

"ஆமாலே. ஆனா அந்தச் செவத்துக் கடியாரம் பக்கத்துல வைக்காத. அது மணியடிச்சா இது பயந்துக்கிடும்"ன்னான் ஊய்க்காட்டான்.

ஓடுற வாட்சு பூராத்தையும் பரப்பி நடுவுல இத வச்சானுவ. ஊய்க்காட்டான் குனிஞ்சு காதக் குடுத்தான். டிக் டிக் டிக் டிக்!

"கத்துக்கிட்டு! ஒரே நேரத்துல முப்பது வாட்சு மாதிரி ஓடுது! எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி."

தவசிக்கனி பாஞ்சு எடுத்துக் கையில கட்டினாரு. வாசப்படிக்கிட்டப் போவையில பலவேசம் குறுக்க விழுந்து காத வச்சான். கப்சிப்.

"அண்ணே, வெளியாளுகளப் பாத்ததும் கூச்சப்படுது!"

அந்நேரம் பாத்து மத்தியான பஸ்ஸு ஆரன் அடிச்சுட்டு ஸ்டாண்டுக்குள்ள நுழையுது. தவசிக்கனி கடை வாசல்லயே உக்காந்துட்டாரு. பாத்தா அழுதுருவாரு போல.

பலவேசத்துக்கு எரக்கமாப் போச்சு. "அண்ணே, சத்தம் வரணும்னுதான முதலாளி சொன்னாரு? வாட்சுல இருந்துதான் வரணும்னு சொல்லலியே. நான் கூடப் போறேன்."

அண்ணன்மாரு ரெண்டு பேரும் அவன ஏற எறங்கப் பாத்தானுவ. நம்ம குடும்பத்துல இப்படி ஒரு மூளையான்னு ஊய்க்காட்டானுக்குக் கண்ணு கலங்கிட்டு.

மாமனாரு கோமதிநாயகம் பஸ்ஸ விட்டு எறங்குனதும் மொத வேலையா மருமகன் கையப் புடிச்சுக் காதுல வச்சாரு. கைக்கும் காதுக்கும் நடுவுல பலவேசம் தலைய நுழைச்சான். "டிக், டிக், டிக்."

"ஆகா! வாட்சுன்னா இது வாட்சு! ஆமா, இவன் யாரு?"

"வாட்சோட வந்தவன் மாமா"ன்னாரு தவசிக்கனி.

மாமனாரு அதுக்கு மேல கேக்கல. அவரும் எங்க ஊருல பொறந்து வெளியூரு போனவருதான்.

மத்தியானம் எலை போட்டாங்க. பலவேசம் ஒரு கவளத்த வாயில வச்சான். மாமனாரு பதறி எந்திரிச்சாரு. "வாட்சு நின்னுட்டே!" பலவேசம் முழுங்குனான். "டிக், டிக்." மாமனாரு உக்காந்தாரு. அப்பளத்தக் கடிச்சான். "மருமவனே, உள்ள என்னமோ நொறுங்குது!"

சாயந்தரம் சத்தம் கரகரன்னு ஆயிப்போச்சு. மாமனாருக்கு முகம் மாறிட்டு. "ஒரு வாட்ச ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதவரு எம் மவள எப்படி வச்சுக்கிடுவீரு? இது சரியானாத்தான் அவ இங்க இருப்பா. கெளம்பும் கடைக்கு!"

கடையில ஊய்க்காட்டான் கண்ணுல பூதக்கண்ணாடிய மாட்டினான். வாட்சத் திரும்பியே பாக்கல. பலவேசத்தோட வாயத் தொறந்து உள்ள எட்டிப் பாத்தான்.

"வாட்சுல ஒரு கோளாறும் இல்ல. தொண்ட கட்டிருக்கு. இவன இங்க விட்டுட்டுப் போங்க, சுக்குக் காப்பி போட்டுச் சரி பண்ணி வைக்கோம்."

"அது வரைக்கும் என் மருமவன் கை சும்மா இருக்கணுமா?"

"கொம்பையாவக் கூட்டிட்டுப் போங்க."

கொம்பையா முன்னால வந்து தொண்டயச் செருமிக்கிட்டு, "டொக்! டொக்! டொக்!"ன்னான். தெரு முச்சூடும் கேட்டுது.

மாமனாருக்கு வாயெல்லாம் பல்லு. "எம் மவ இங்கனயே இருக்கட்டும் மருமவனே!"ன்னு தவசிக்கனி தோளத் தட்டினாரு. படியில எறங்குனவரு ஒரு சந்தேகத்தோட திரும்புனாரு.

"ஏம்ப்பா, இதுக்கு தெனமும் சாவி குடுக்கணுமா?"

"ஆமா அண்ணாச்சி"ன்னான் ஊய்க்காட்டான். "காலையில நாலு இட்லி. கெட்டிச் சட்னியா இருந்தா ராத்திரி வரைக்கும் நிக்காது."