ஐந்து பேருக்கும் ஒரே பதில்

தாமோதரன் வாத்தியாராக இருந்த காலம் முழுக்கப் பரீட்சைப் பறக்கும் படையில் சுற்றியவர். பையன் இருமினால்கூட, வாயைத் திறடா, பிட்டு இருக்கான்னு பார்க்கணும் என்பார். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஓய்வு பெற்ற கையோடு ஆராய்ச்சி மாணவராக வந்து சேர்ந்தால் எப்படி இருக்கும்!

அவருக்கு வழிகாட்டி பேராசிரியை ஹெப்சிபா. வயதில் அவரைவிட இளையவர். ஒருவர் பேசுவதை எப்படி அளப்பது என்ற ஒரே கேள்வியோடு இத்தனை வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறவர். வெளி மாநிலத்தவருக்கான பேச்சுத் தமிழ்த் தேர்வு அவர் உருவாக்கியதுதான்.

அன்றைக்கு ஹெட்போனைக் கழற்றி மேஜையில் போட்டுவிட்டுத் தாமோதரன் எழுந்தார்.

“மோசம் போயிட்டோம் மேடம். கேள்வி வெளிய போயிருக்கு.”

“எப்படிச் சொல்றீங்க சார்?”

அவர் கேட்டுக்கொண்டிருந்தது ஐந்து நர்சுகள் அந்தத் தேர்வில் பேசிய பதிவு. ஒடிசாவிலிருந்து வந்து திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிற பெண்கள். தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு ரயில் ஏற வேண்டியதுதான்.

“எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, ‘ஏதோ வண்டி ஓடுது அண்ணாச்சி’ங்கிறாங்க. ஒருத்தி இல்ல மேடம், அஞ்சு பேரும்! கேட்டது ஒரு பொம்பளை. அவங்களையும் அண்ணாச்சியாம்! இழுக்கிற இழுப்புகூட ஒண்ணுபோல இருக்கு. யாரோ உக்கார வச்சு மனப்பாடம் பண்ண வச்சிருக்கான். என் கண்ணுல மண்ணைத் தூவ முடியுமா?”

ஹெப்சிபா பதறவே இல்லை. இந்தம்மா ஏன் பதறவில்லை, ஒருவேளை இவருக்கே இதில்... சே, என்று தாமோதரன் அந்த நினைப்பை விழுங்கினார். முழுசாக உள்ளே போகவில்லை.

“அஞ்சு பேர் பொழப்பு சார். சொல்லிக்கொடுத்த ஆளைக் கண்டுபிடிச்சிட்டு வாங்க. காப்பின்னு உறுதியாச்சுன்னா நானே ஃபெயில் போடறேன்.”

மறுநாள் தாமோதரன் மருத்துவமனைக்குப் போய், யாரோ நோயாளியின் சொந்தக்காரர் மாதிரி எலும்பு முறிவு வார்டில் உட்கார்ந்தார். மருந்துக்கடைக்காரர் மேல் சந்தேகம். கேன்டீன்காரர் மேல் சந்தேகம். சும்மா சிரித்துவிட்டுப் போன வாட்ச்மேன் மேல் இன்னும் கொஞ்சம் கூடுதல் சந்தேகம்.

அந்த ஐவரில் ஒருத்தி, காலைத் தூக்கிக் கட்டியிருந்த ஒரு நோயாளிக்குக் கட்டு மாற்ற வந்தாள். பக்கத்துக் கட்டில்காரர் அவரிடம், “எப்படி இருக்கேரு?” என்று விசாரித்தார்.

“ஏதோ வண்டி ஓடுது அண்ணாச்சி!”

அதே இழுப்பு. அவரோடு சேர்ந்து அந்தப் பெண்ணும் அதையே சொன்னாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தாமோதரனுக்குப் புல்லரித்துவிட்டது.

சாயங்காலம் மூச்சு வாங்க ஹெப்சிபாவின் அறைக்குள் நுழைந்தார்.

“புடிச்சிட்டேன் மேடம்! சுடலையாண்டின்னு ஒரு லாரி டிரைவர். மழைக்காலத்துல கால் ஒடிஞ்சு படுத்த ஆளு, இன்னும் எந்திரிக்கல. இந்தப் பிள்ளைங்க டியூட்டி பூரா அவர்கிட்டதான் வாயாடுது. அவர் வாயில வர்றது அப்படியே இதுங்க வாயில வருது!”

“கேள்வியெல்லாம் அவருக்கு முன்னாடியே தெரியுமா?”

“தேர்வு நடந்ததே தெரியாது மேடம். துருவித் துருவி விசாரிச்சிட்டேன். ஆனா காப்பி காப்பிதானே?”

“சந்தேகம் இல்லையே?”

“எள்ளளவும் இல்ல.”

ஹெப்சிபா மதிப்பெண் தாள்களை எடுத்து வைத்துப் பேனாவைத் திறந்தார். திறந்தபடியே கேட்டார்.

“உங்க பேச்சு எந்த ஊர்ப் பேச்சு சார்? கேக்க நல்லா இருக்கு.”

தாமோதரனுக்கு உச்சி குளிர்ந்தது. “கோவில்பட்டி மேடம். எங்கப்பா பேச்சு அச்சு அசலா எனக்கு வந்திருக்கு. அவர் போயி எவ்வளவோ காலமாச்சு. இன்னிக்கும் நான் போன்ல பேசினா எங்க அத்தை, ‘எண்ணே...’ன்னு அழுதுரும்.”



ஹெப்சிபா தலையாட்டினார். “சரி சார். அப்போ ஆறு பேருக்கும் ஃபெயில் போட்டுடறேன்.”

“ஆறா? அஞ்சு பேருதானே மேடம்?”

“அஞ்சு பேரு சுடலையாண்டியைப் பாத்துக் காப்பியடிச்சவங்க. ஒருத்தரு அவங்கப்பாவைப் பாத்து.”