நீர்க்காகம் இரண்டு சிறகையும் விரித்த கதை

அந்தக் காலத்தில், பறவைகளுக்கும் பேச்சு இருந்தபோது, கடம்பங்குளத்தில் ஒரு சபை நடந்து வந்தது. சபையா அது, சந்தைக்கடை! குளத்து நடுவே நின்ற கருவேல மரங்களில் வலப்பக்கம் கூழைக்கடாக்களின் மேல்தண்ணிக் கட்சி, இடப்பக்கம் நீர்க்காகங்களின் அடித்தண்ணிக் கட்சி. இரண்டிலும் தலைகள் சரிசமம். கூழைக்கடாக்கள் வலச்சிறகைத் தூக்கி ஓட்டுப் போடும், நீர்க்காகங்கள் இடச்சிறகை. தன் கட்சிச் சிறகைத் தூக்காதவருக்கு மரத்தில் கூடு கிடையாது. சபைத்தலைவரான நாரை எத்தனை தடவை எண்ணினாலும் சமம்தான். அதனால் எந்தத் தீர்மானமும் தேறியதில்லை.

பாட்டன் காலத்துச் சட்டம் ஒன்று மட்டும் இருந்தது. காலையில் நீர்க்காகம் மீன் பிடிக்கலாம், மாலையில் கூழைக்கடா பிடிக்கலாம், சேர்ந்து இறங்கக் கூடாது. மீன்களுக்குக் கேட்கவா வேண்டும்! நீர்க்காகம் முங்கினால் மீன்கள் மேலே வந்துவிடும். கூழைக்கடா மேலே வாயைத் திறந்தால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். குளம் நிறைய மீன், கூடு நிறையப் பசி.

சபை உறுப்பினரான மையாத்தா என்ற நீர்க்காகத்துக்கு அந்த வருஷம் மூன்று குஞ்சுகள். இரண்டு கத்திக்கொண்டே இருந்தன. கடைக்குட்டி கத்துவதை நிறுத்திவிட்டது. மையாத்தா நேரே எதிர்க்கட்சிக் கூழைக்கடா தொண்டையாவிடம் போனாள்.

"அண்ணே, என் கடைக்குட்டி வாயத் தொறக்க மாட்டேங்கு."

"எம்புள்ளையும் நேத்துலேருந்து தலை தூக்கல தாயி. நீங்க அடியிலேருந்து வெரட்டி, நாங்க மேல மறிச்சா மீனு எங்க போவும்? நான் தீர்மானம் கொண்டாரேன். உங்க ஆளுவ எதுப்பாவளே?"

"நீங்க கொண்டாங்க. நான் பாத்துக்கிடுதேன்."

சொல்லிவிட்டாளே தவிர, எப்படி என்று அவளுக்கே தெரியாது.

தீர்மானம் வந்தது. வலச்சிறகுகள் எழுந்தன. "கூழைக்கடா சொன்னா அதுல சூது இருக்கும்! தூக்குங்கலே இடச்சிறகை!" என்று கத்தினார் நீர்க்காகத் தலைவர் கொக்கிமூக்கர். போன வருஷம் இதே யோசனையைக் கொண்டுவந்தவர் அவர்தான். அப்போது கூழைக்கடாக்கள் தடுத்தன.

மையாத்தா இடச்சிறகைத் தூக்கினாள். கடைக்குட்டியின் மூடிய வாய் கண்ணுக்குள் வந்து நின்றது. சடாரென்று வலச்சிறகையும் விரித்துவிட்டாள்!

கொக்கிமூக்கர் அவள் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, ஒண்ணை மடக்கு!"

"மாட்டேன். இடது கட்சிக்கு, அது தூக்கியாச்சு. வலது எம்புள்ளைக்கு. ரெண்டையும் தூக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

எந்தச் சட்டத்திலும் இல்லை. யாருக்காவது தோன்றியிருந்தால்தானே!

"எண்ணி முடியுமுன் சிறகு இறங்கினால் ஓட்டுச் செல்லாது" என்ற நாரை, ஒற்றைக்காலில் நின்று நிதானமாக எண்ணத் தொடங்கியது. நாரைக்கு என்ன அவசரம்? மையாத்தா முங்கி எழுந்த ஈரத்தோடு சபைக்கு வந்திருந்தாள். சிறகு கனத்தது, நடுங்கியது, தண்ணீர் சொட்டியது. "விட்டுராத தாயி!" என்று கத்தினார் தொண்டையா. "விட்டுராதீங்கக்கா!" என்று அவள் கட்சியிலேயே ஒரு குரல் எழுந்தது. பிறகு மரமெல்லாம் ஒரே கூச்சல்!

"வலதுக்கு ஒன்று கூடுதல். தீர்மானம் நிறைவேறியது!"

குளம் கொதித்தது! முதலில் முங்கியவர் கொக்கிமூக்கர்தான், அவருக்கும் பிள்ளைகள் உண்டல்லவா? நீர்க்காகங்கள் அடியில் விரட்ட, கூழைக்கடாக்கள் மேலே வளைத்து அள்ள, மீன்களுக்குப் போக்கிடம் இல்லை. மையாத்தா பறந்து வந்து குனிந்தாள். கடைக்குட்டி வாயைத் திறந்தது. திறந்ததோடு விட்டதா, அம்மாவின் தொண்டைக்குள் தலையையே விட்டுத் தின்றது. அவளுக்கு வந்த சந்தோஷத்தில் ஈரச் சிறகு இரண்டும் தாமாகவே விரிந்துகொண்டன.

ஈரம் காயவைக்கிறது என்று விவரம் தெரியாதவர்கள் சொல்வார்கள். அன்று முதல்தான் நீர்க்காகம் தண்ணீரிலிருந்து ஏறியதும் இரண்டு சிறகையும் விரித்தபடி நிற்கிறது, பக்கத்தில் ஒற்றைக்காலில் நிற்கும் நாரை எண்ணி முடிக்கட்டும் என்று.