ஒட்டாத தட்டு

அருளப்பன் சாருக்குத் தன் குருவைவிட இருபது வயது கூடுதல்.

கடலோரத்துப் பள்ளி ஒன்றில் வெகுகாலம் தமிழ் நடத்தியவர் அவர். அறிவியல் ஆசிரியர் மாற்றலாகிப் போனதும், ஐந்தாம் வகுப்பு அறிவியலையும் அவர் தலையில் கட்டினார்கள். தெரியாததைக் கேட்க மேல்வகுப்பு அறிவியல் டீச்சர் தபசுக்கனியிடம் போவார்.

"உங்களுக்குச் சிஷ்யனா வந்திருக்கேன் டீச்சர்," என்றார் முதல் நாள்.

தபசுக்கனி சிரிக்கவில்லை. "அப்போ கேள்வியோட வாங்க சார்," என்றார்.

காந்தப் பாடம் வந்தபோது அருளப்பன் சார் கேள்வியோடு போகவில்லை. அது தனக்குத் தெரியும் என்று நினைத்தார்.

"காந்தம் எல்லா உலோகத்தையும் இழுக்கும். எங்க, சொல்லுங்க."

வகுப்பு முழுவதும் சொன்னது. அபிஷா மட்டும் சொல்லவில்லை. எழுந்து வந்து மேசைமேல் இருந்த காந்தத்தை எடுத்தாள். தன் சாப்பாட்டுத் தட்டின்மேல் வைத்துத் தூக்கினாள். காந்தம் வந்தது. தட்டு வரவில்லை.

"அலுமினியம் உலோகம்தானே சார்?"

"ஆமா."

"ஒட்டல சார்."

"நீ சரியா வைக்கல."

அவள் திருப்பி வைத்தாள். ஓரத்தில் வைத்தாள். கவிழ்த்து வைத்தாள்.

"இப்பவும் ஒட்டல."

பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவருக்குச் சுருக்கென்றது.

"நான் சொன்னதைச் சொல்லு. இல்லன்னா வெளியே போ."

அபிஷா தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

மறுநாள் வகுப்பு வாசலில் அவளை நிறுத்தினார். "சொல்லிட்டு உள்ள வா."

"ஒட்டாததை ஒட்டும்னு எப்படி சார் சொல்றது?"

வராந்தாவில் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டாள். உள்ளே நடக்கும் பாடத்தை அங்கிருந்தே எழுதினாள். மழைச் சாரல் அடித்தபோது பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டாளே தவிர, வாசல் பக்கம் வரவில்லை.

தலைமையாசிரியர் தேவசகாயம் அதைப் பார்த்துவிட்டார்.

"இதை வளரவிடக் கூடாது சார். நாளைக்குப் பிரேயர்ல எல்லார் முன்னாடியும் அவ உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும். இல்லன்னா பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டாம். அவ அம்மாவுக்கும் சொல்லி அனுப்பிட்டேன்."

அன்று மதியம் அருளப்பன் சார் தபசுக்கனியிடம் போனார்.

"ஒரு பொண்ணு அடம் பிடிக்கிறா டீச்சர். அவளை எப்படி வழிக்குக் கொண்டு வர்றது?"

தபசுக்கனி நடந்ததைக் கேட்டார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு சட்டக் காந்தத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"பள்ளிக்கூடத்தை ஒரு சுத்துச் சுத்தி வாங்க சார். உலோகம்னு கண்ணுல பட்டதுல எல்லாம் இதை வச்சுப் பாருங்க."

அவர் போனார். இரும்புக் கேட் காந்தத்தை வெடுக்கென்று பிடித்துக்கொண்டது. பெஞ்சின் கால் பிடித்துக்கொண்டது. மேடையிலிருந்த பித்தளைக் குத்துவிளக்கு சட்டை செய்யவில்லை. அறுந்து தொங்கிய செம்புக் கம்பியும் அப்படியே. சத்துணவுக் கூடத்தில் கவிழ்த்து வைத்திருந்த அலுமினிய அண்டாவைச் சுற்றிச் சுற்றி வந்து வைத்துப் பார்த்தார்.

"அதுல ஓட்டை ஒண்ணும் இல்லையே சார்?" என்றார் சமையல்காரம்மா.

அவர் நேராகத் தபசுக்கனியிடம் நடந்தார். காந்தத்தை மேசைமேல் வைத்தார்.

"இரும்புல ஒட்டுது. பித்தளை, செம்பு, அலுமினியம் எதுலயும் ஒட்டல. அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி டீச்சர்."

"அதை என்கிட்ட ஏன் சார் சொல்றீங்க?" என்றார் தபசுக்கனி.

மறுநாள் பிரேயர் முடிந்தது. தேவசகாயம் அபிஷாவை முன்னால் கூப்பிட்டார். ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள் அம்மா ஜெசிந்தா, வேலைக்குப் போகிற வழியில் வந்து ஓரமாக நின்றிருந்தாள்.

"சார்கிட்ட மன்னிப்புக் கேளு."

"எதுக்கு சார்?"

"எதிர்த்துப் பேசினதுக்கு."

"ஒட்டலன்னுதான் சார் சொன்னேன்." கண் நிறைந்திருந்தது. ஆனாலும் தலை குனியவில்லை. "ஒட்டலன்னா ஒட்டலதான்."

"பாத்தீங்களாம்மா, உங்க பொண்ணு பேச்சை?"

ஜெசிந்தா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இவ பொய் சொன்னா நானே அடிப்பேன் சார். பழைய ரேடியோவை உடைச்சுக் காந்தத்தை எடுத்து, வீட்டுல இருக்கிற தட்டுல எல்லாம் வச்சுக் காட்டினா. நானும் வச்சுப் பாத்தேன். ஒட்டல சார்."

வரிசைகளில் சலசலப்பு எழுந்தது. தேவசகாயம் பிரம்பால் மேடையைத் தட்டினார்.

"கடைசியாக் கேக்கிறேன். மன்னிப்புக் கேப்பியா மாட்டியா?"

"அவ கேக்க வேண்டியதில்ல," என்றார் அருளப்பன் சார்.

ஆசிரியர் வரிசையிலிருந்து இறங்கி வந்து அபிஷாவின் பக்கத்தில் நின்றார். பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"நான் தப்பாச் சொல்லிக் கொடுத்தேன். நீங்க எல்லாரும் அதைத் திருப்பிச் சொன்னீங்க. இவ ஒருத்திதான் வச்சுப் பாத்தா. அதுக்கு நான் இவளை மழையில உக்கார வச்சேன்." பிறகு அவளிடம் சொன்னார்: "என்னை மன்னிச்சிரும்மா. வா, வகுப்புக்குப் போவோம்."

"அருளப்பன் சார், அவ உள்ள போகக் கூடாது. நீங்க கூட்டிட்டுப் போனா, அந்த வகுப்பை உங்ககிட்ட இருந்து எடுத்திருவேன்."

"எடுத்துக்கோங்க சார். அவ உள்ளதான் உக்காருவா."

அபிஷாவை முதல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத்தான் அவர் வெளியே வந்தார். நேராகத் தபசுக்கனி இருந்த ஆய்வகத்துக்குப் போனார். பின்னாலேயே தேவசகாயமும் வந்து தபசுக்கனியிடம் பாய்ந்தார்.

"எல்லாம் நீங்க கொடுத்த தைரியம்தானே டீச்சர்?"

"நான் ஒரு காந்தம்தான் சார் கொடுத்தேன்."

"பள்ளிக்கூடம் முழுக்க அடங்கி இருக்கு. ஒருத்தி மட்டும் எதிர்க்கிறா. அவளைத் தூக்கித் தலையில வைக்கிறீங்களே, நாளைக்கு இவங்கள்ல எது நல்ல பிள்ளை, எது கெட்ட பிள்ளைன்னு எப்படித் தெரியும்?"

தபசுக்கனி காகிதம் சுற்றிய இரண்டு துண்டுகளை மேசைமேல் வைத்தார். இரண்டும் ஒரே அளவு. சட்டக் காந்தத்தைத் தலைமையாசிரியரிடம் நீட்டினார்.

"இதுல எது காந்தம்னு சொல்லுங்க சார்."

தேவசகாயம் எரிச்சலோடு வாங்கினார். அவர் வரலாறு படித்தவர். காந்தத்தின் ஒரு முனையை முதல் துண்டில் வைத்தார். ஒட்டியது. இரண்டாவதில் வைத்தார். அதுவும் ஒட்டியது.

"ரெண்டும் காந்தம்தான்."

"அடுத்த முனையை வச்சுப் பாருங்க."

முதல் துண்டு மறுபடி ஒட்டியது. இரண்டாவது சட்டென்று விலகி ஓடியது. அவர் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு காந்தத்தை வைத்து அழுத்தினார். அது அவர் விரலுக்குள் இருந்தே தள்ளியது. இன்னும் பலமாக அழுத்தினார். இன்னும் பலமாகத் தள்ளியது.

அருளப்பன் சார் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன இது, எதிர்க்குது? கெட்டுப் போச்சா?" என்றார் தேவசகாயம்.

"ஒட்டணும்னா வெறும் இரும்பும் ஒட்டும் சார்," என்றார் தபசுக்கனி. "எதிர்த்துத் தள்ளுது பாருங்க, அதுதான் காந்தம்."