பதினேழாம் எண் கவர்

மூன்றாம் படுக்கை காலியாக இருக்கும் நாட்களில் கர்னல் பியூலா அதன் பக்கத்தில் நின்று தாழ்ந்த குரலில் பேசுவார். படுக்கையில் ஆளே இருக்காது. மலையடிவாரத்து ராணுவ மருத்துவமனையில் முப்பது வருஷமாகச் சாவோடு மல்லுக்கட்டியவர் அவர். அதனால் யாரும் வாய் திறப்பதில்லை. நர்சுகள் மட்டும் அந்தப் பக்கம் பார்க்காமல் நடப்பார்கள். அவரிடம் தொழில் பழக வந்த கேப்டன் சேந்தன், பாவம், வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வான்.

அன்று மத்தியானம் ஹவில்தார் பழனியாண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நிலச்சரிவில் இடுப்பு நசுங்கி, ரத்தமெல்லாம் போய், முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. சேந்தன் ஓடிவந்து நாடியைப் பிடித்தான். போன வருஷம் பனியில் கால் முறிந்து கிடந்த அவனை நாலு மைல் தோளில் சுமந்து வந்தவர் இந்தப் பழனியாண்டிதான்.

ரத்தம் இழந்தவர்களுக்கான புது மருந்து ஒன்றை அங்கே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு அந்த மருந்தும் உண்டு. மீதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். யாருக்கு எது என்பது ஒட்டிய கவருக்குள் இருக்கும். வருகிற வரிசைப்படி ஆளுக்கு ஒரு கவர்.

சேந்தன் நாற்பத்தோராம் கவரை எடுத்து ஜன்னல் வெயிலில் பிடித்துப் பார்த்தான். ‘வழக்கமான சிகிச்சை மட்டும்.’ சத்தமில்லாமல் அதைக் கவர்க் கட்டின் அடியில் செருகிவிட்டு அடுத்ததைத் தொட்டான்.

“நானும் இதே ஜன்னல்லதான் பிடிச்சுப் பார்த்தேன்.”

கர்னல் பின்னால் நின்றிருந்தார்.

“மேடம், இவரு என்னைச் சுமந்தவரு. புது மருந்தைக் குடுத்துடலாம் மேடம்.”

“அது நல்லதுன்னு யாரு சொன்னா?”

“அதைத்தானே ஆராயறோம்.”

“அப்ப உனக்கும் தெரியாது.”

கோட்டுப் பையிலிருந்து பழுப்பேறிய கவர் ஒன்றை எடுத்தார். இன்னும் பிரிக்காதது. மேலே பதினேழு என்று எழுதியிருந்தது.

“இருபது வருஷம் முந்தி நடந்த ஆராய்ச்சி. ஒரு சிப்பாய்க்கு வரவேண்டிய கவர் இது. எங்க ஊர்ப் பையன். இதுலயும் வழக்கமான சிகிச்சைதான். இதை ஒளிச்சு வச்சுட்டு, அடுத்த கவர்ல எழுதியிருந்த புது மருந்தைக் குடுத்தேன். மூணாம் படுக்கையிலதான் போனான். அந்த மருந்து இதயத்தையே நிறுத்திடும்னு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது.”

சேந்தன் கவர்க் கட்டிலிருந்து கையை எடுத்தான். “அப்ப அங்க நின்னு நீங்க பேசறது...”

“நான் எங்க பேசறேன்? பதில்தான் சொல்றேன். ‘என் கவர் எங்க மேடம்’னு அவன்தான் கேக்கறான்.”

சேந்தன் திரும்பிப் பார்த்தான். மூன்றாம் படுக்கையில் தலையணை நடுவே குழிந்திருந்தது. பத்து நிமிஷம் முன்புதான் நர்ஸ் அதற்குப் புது உறை போட்டுத் தட்டி வைத்தாள்.

பழனியாண்டியின் மானிட்டர் அலறத் தொடங்கியது. சேந்தன் அடியிலிருந்து நாற்பத்தொன்றை உருவினான். பிரிக்க விரல் வரவில்லை.

“இதைப் பிரிச்சு, இவரு செத்துட்டா மேடம்?”

“அழுவ. நானும் கூட அழுவேன்,” என்றார் கர்னல். “ஆனா இவரு வந்து கேக்க மாட்டாரு.”