பெருச்சாளியின் சுரங்கமும் நாவல்பழமும்

ஒரு காட்டில் பெருச்சாளியும், எறும்பு தின்னும் அழுங்கும் இருந்தன. இரண்டும் மண் தோண்டுவதில் கெட்டி. அதனாலேயே இரண்டுக்கும் ஆகாது.

ஒரு நாள் சூறைக்காற்று அடித்தது. குளத்துக்கு மேலே மேட்டில் நின்ற எட்டி மரங்களை உலுக்கித் தள்ளியது. காய்களெல்லாம் உருண்டு மேட்டுச் சரிவில் குவிந்தன. எட்டிக்காய் பார்ப்பதற்கு ஆரஞ்சுப் பழம் போல அழகாக இருக்கும். உள்ளே அத்தனையும் விஷம்!

மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. மழை வந்தால் அந்த விஷம் கரைந்து நேராகக் குளத்துக்குத்தான் வரும். அந்தக் காட்டில் குடிக்க வேறு தண்ணீர் கிடையாது.

"என் குட்டி இப்பத்தான் தண்ணி குடிக்கப் பழகுது. விஷத் தண்ணியைக் குடிச்சா பிழைக்குமா?" என்று புள்ளிமான் அழுதது.

"அட, இதுக்கா அழறே!" என்று பெருச்சாளி மார்தட்டியது. "மழைக்கு முன்னாடி எல்லாத்தையும் பூமிக்குள்ள புதைச்சிடலாம். சுரங்கம் தோண்ட நானாச்சு!"

சொன்னபடியே மேட்டுக்குள் நீளமாக ஒரு சுரங்கம் தோண்டியது. அங்கே இருந்தது செம்புறாங்கல் என்னும் சிவப்புக் கல். நல்ல கெட்டி. யானை மேலே ஏறி நடந்து பார்த்தது. உள்ளே ஒரு கட்டி மண்கூட உதிரவில்லை. எல்லா மிருகங்களும் ஆகா ஓகோ என்றன.

அழுங்கு மட்டும் மூக்கை உள்ளே நீட்டிப் பார்த்தது. "கூரை நல்லாத்தான் இருக்கு. ஆனா தண்ணி கசியாதா?"

"என் நகத்தைப் பாரு! பாதி தேஞ்சு போச்சு. எனக்கே லேசுல வழிவிடாத கல்லு தண்ணிக்கு வழிவிடுமா?"

பெருச்சாளிகளுக்கு இதுதான் அளவுகோல். நகம் எவ்வளவு தேய்கிறதோ, இடம் அவ்வளவு நல்ல இடம்!

"தண்ணி என்ன நகத்தாலயா தோண்டிக்கிட்டுப் போகுது?" என்றது அழுங்கு.

"உன்னைத் தோண்டக் கூப்பிடலைன்னு வயித்தெரிச்சல்!"

"வயித்தெரிச்சல்தான். இல்லேன்னு யாரு சொன்னா? அதுக்காகக் கேட்ட கேள்வி தப்பாயிடுமா?"

புள்ளிமான் குறுக்கே வந்து நின்றது. "கசியுமா கசியாதான்னு தெரியாம ஒரு காயும் உள்ளே போகக் கூடாது!" என்றது.

"அப்படின்னா முதல்ல நாவல்பழத்தைப் போடுவோம்" என்றது அழுங்கு. "நசுக்கிப் போட்டுத் தண்ணி ஊத்துவோம். கசிஞ்சா சாயம் காட்டிக் கொடுத்துடும்."

"நாவல்பழத்தையா!" என்று குரங்கு அலறியது. "வருசத்துக்கு ஒரு தடவை பழுக்குது! அதைக் கொண்டுபோய் மண்ணுல கொட்டணுமா?"

முணுமுணுத்துக்கொண்டேதான் பறித்துப் போட்டது. சுரங்கத்துக்குள் போட்டதைவிட வாய்க்குள் போட்டுக்கொண்டது அதிகம். யானை துதிக்கையை உள்ளே விட்டுப் பழங்களை நசுக்கிவிட்டு, தண்ணீரைப் பீய்ச்சியது.

மறுநாள் குளம் தெளிவாகவே இருந்தது. "என்ன அழுங்கு, உன் சாயம் வெளுத்துப் போச்சே!" என்று பெருச்சாளி சிரித்தது.

அதற்கும் அடுத்த நாள் புள்ளிமான் தண்ணீர் குடிக்கப் போனது. கரையைப் பார்த்ததும் பாய்ந்து ஓடியது. மேட்டிலிருந்து ஊதா நிறத்தில் நீர் கசிந்து குளத்தில் கலந்துகொண்டிருந்தது. துள்ளிக்கொண்டு முன்னால் ஓடிய குட்டி அந்த இடத்திலேயே வாயை வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது!

"ஐயோ, குடிக்காதே! விஷம்!" என்று புள்ளிமான் கத்தியது.

குட்டி தலையைத் தூக்கியது. நாக்கெல்லாம் ஊதா.

"அம்மா, தண்ணி இனிக்குது!"

அப்போதுதான் புள்ளிமானுக்கு நினைவு வந்தது. உள்ளே போட்டது நாவல்பழம்! எட்டிக்காய் இன்னும் சரிவிலேயே கிடக்கிறது! அப்படியே உட்கார்ந்துவிட்டது. அழுகையும் சிரிப்புமாகக் குட்டியை நக்கி நக்கிக் கொடுத்தது.

சத்தம் கேட்டு எல்லாரும் ஓடிவந்தார்கள். பெருச்சாளி அந்த ஊதாத் தண்ணீரைப் பார்த்தது. பிறகு குட்டியின் நாக்கைப் பார்த்தது. "இது மட்டும் எட்டிக்காயா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தது. முடிக்காமலே விறுவிறுவென்று சுரங்கத்துக்குள் போய் சுவரை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பியது.

"கல்லு கெட்டிதான். ஆனா தேனடை மாதிரி உள்ளெல்லாம் பொத்தல். நான் என் நகத்தைப் பார்த்தேனே தவிர, கல்லைப் பார்க்கலை. தப்பு என்னோடதுதான்."

நன்றாகக் குத்திக்காட்ட அழுங்குக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் குட்டியைப் பார்த்ததும் மனம் இளகிவிட்டது. "உன் சுரங்கம் இருக்கட்டும். இப்படி ஒரு கூரை எனக்கு வராது. உள்ளே கனமா களிமண் பூசிடுவோம்" என்றது.

"களிமண்ணா! சீ, நகத்துல ஒட்டுமே!"

"ஒட்டட்டும்! இடைவெளி இல்லாம ஒட்டுறதாலதான் அது தண்ணியை விடாது!"

காட்டுப்பன்றிகள் களிமண்ணை மிதித்துக் கொடுத்தன. பெருச்சாளியும் அழுங்கும் சேர்ந்து சுவரிலும் தரையிலும் கூரையிலும் பூசின. குளத்தின் ஊதா நிறம் மறையும்வரை காத்திருந்து, மறுபடியும் நாவல்பழம் போட்டார்கள். குரங்கு மறுபடியும் அலறியது. இந்த முறை ஊற்றிய தண்ணீர் ஊற்றிய இடத்திலேயே நின்றது. முன்பைவிட அதிக நாள் பொறுத்துப் பார்த்தார்கள். குளத்தில் ஒரு துளி சாயம்கூட இல்லை!

அதன் பிறகே தண்ணீரை இறைத்துவிட்டு, எட்டிக்காய்களை உள்ளே தள்ளி, வாசலையும் களிமண்ணால் அடைத்தார்கள். மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. ஓய்வில்லாமல் பெய்து குளம் நிரம்பியது.

புள்ளிமான் முதலில் தான் ஒரு வாய் குடித்துப் பார்த்தது. சற்று நேரம் பொறுத்தது. பிறகு பெருமூச்சு விட்டு, "குடிடா கண்ணு, வயிறு முட்டக் குடி!" என்று விலகி நின்றது.

உறுதியாக இருக்கிறது என்று நமக்குத் தோன்றுவதை நம்பி ஆபத்தான காரியத்தில் இறங்கக் கூடாது. தவறினாலும் தீங்கு வராத வழியில் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும்.