செல்லக்கிளியின் பாதங்கள்

"மேடம், உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாமப் போற ஷாக்கை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டாள் நஸ்ரின். பிரசவ வார்டில் அவள் பயிற்சி மருத்துவர்.

"எத்தனை வகை?" என்றார் டாக்டர் கயல்விழி.

"நாலு. உடம்புல ரத்தமோ நீரோ குறையறது. இதயம் பம்ப் பண்ண முடியாம சோர்ந்துபோறது. கிருமியாலயோ ஒவ்வாமையாலயோ ரத்தக் குழாய் விரிஞ்சுபோறது. ரத்தம் போற வழி அடைபடறது."

"எல்லாம் தெரியுதே."

"படிச்சிருக்கேன். பார்த்ததில்லை."

"வா."

செல்லக்கிளிக்குக் குழந்தை பிறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கொட்டாவி விட்டபடி தண்ணீர் கேட்டுக்கொண்டே கிடந்தாள்.

"இவ நல்லாயிருக்கா மேடம். பிரஷர் நூத்திப் பத்துக்கு எழுபது. அடியில விரிச்ச துணியும் ரத்தத்துல அவ்வளவா நனையலை. இப்பத்தான் 'நலம்'னு எழுதினேன்."

கயல்விழி செல்லக்கிளியின் கம்பளி சாக்ஸைக் கழற்றினார். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி.

"ஐயோ, கழட்டாதீங்கம்மா! ஜன்னி வந்துரும்," என்று பதறினாள் மாமியார் ராக்கம்மா. "நீங்கல்லாம் பிள்ளை பெத்தவங்கதானா?"

"ரெண்டு பெத்திருக்கேன். கொஞ்சம் பொறுங்கம்மா. நஸ்ரின், தொடு."

பாதம் ஐஸாக இருந்தது. முழங்கால் வரைக்கும் அப்படித்தான்.

"நகத்தை அமுக்கிட்டு விடு."

நகம் வெளுத்தது. இரண்டு எண்ணுவதற்குள் திரும்ப வேண்டிய சிவப்பு வர ஐந்து எண்ண வேண்டியிருந்தது.

"நாடி?"

"நூத்தி முப்பது. பிள்ளை பெத்த களைப்புன்னு நினைச்சேன்... ஆனா ரத்தம் போகலையே மேடம்?"

கயல்விழி அடிவயிற்றில் கை வைத்து அழுத்தினார். கல்லாக இறுகியிருக்க வேண்டிய கர்ப்பப்பை பிசைந்த மாவாகக் கிடந்தது. உள்ளே தேங்கியிருந்த ரத்தம் கட்டி கட்டியாக வந்து விழுந்தது.

"விடாம தேய்ச்சுக்கிட்டே இரு. சிஸ்டர், ரெண்டு கையிலயும் பெரிய ஊசி, சலைன். ஆக்சிஜன். கர்ப்பப்பை இறுக மருந்து. ரத்த வங்கிக்கு ஆள் ஓடட்டும்!"

ராக்கம்மா பேரனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

இரண்டாவது பை ரத்தம் ஏறும்போது நாடி தொண்ணூறுக்கு இறங்கியது. கண் அயர்ந்திருந்த செல்லக்கிளி விழித்து, "எம்புள்ள எங்க?" என்றாள்.

நஸ்ரின் மெதுவாகக் கேட்டாள்: "அவ்வளவு ரத்தம் போயும் பிரஷர் எப்படி மேடம் இறங்கலை?"

"கை, கால், தோலுன்னு எல்லாத்துக்கிட்டயும் ரத்தத்தை வாங்கி, மூளைக்கும் இதயத்துக்கும் குடுத்திருக்கு அந்த உடம்பு."

"அவளுக்கே தெரியாமயா?"

"அவளுக்கே தெரியாம. நாம வர்ற வரைக்கும்."

"இன்னும் எவ்வளவு நேரம் அப்படித் தாங்கியிருக்கும்?"

"அதை மட்டும் உடம்பு யார்கிட்டயும் சொல்லாது."