கீரைப் பாத்தியில் புகுந்த வேட்டைச் சட்டம்

முன்னொரு காலத்தில், மலையும் காடும் சூழ்ந்த குறும்பாறை நாட்டைச் செங்கோடன் என்ற ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி.

அவருடைய மந்திரி ஆதன் காட்டுக்கு ஒரு காப்புச் சட்டம் எழுதி வைத்திருந்தார். பங்குனி பிறந்து ஆடி முடியும்வரை யாரும் வேட்டைக்குப் போகக் கூடாது. சினையையும் குட்டியையும் எந்த மாதமும் தொடக் கூடாது. அதனால் மானும் மிளாவும் பெருகிக் காடு நிறைந்தது. சந்தைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும், "ஆதன் மந்திரி மகராசனா இருக்கணும்" என்றே பேச்சு.

அந்தப் பேச்சு வேட்டைத் தலைவர் மல்லையனுக்குக் கண்ணில் மிளகாய் அரைத்துப் பூசினது மாதிரி இருந்தது. ராஜா மந்திரிக்கு வெற்றிலை கொடுத்தால், பாக்கு கொஞ்சம் கூடப் போயிற்றோ என்று எட்டிப் பார்ப்பார். மந்திரி தும்மி, ராஜா "நூறாயுசு" என்று சொல்லிவிட்டால், அன்றைக்கு இவருக்குச் சோறு இறங்காது.

ஒரு சித்திரையில் ராஜாவுக்கு வேட்டை ஆசை வந்தது. சட்டம் குறுக்கே நின்றது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம் மல்லையன் மெல்லப் போனார்.

"மகாராஜா, காடு உங்களுடையதா, ஆதனுடையதா?"

"ஏனய்யா, அதிலென்ன சந்தேகம்?"

"உங்கள் காட்டுக்குள் போக ஆதனைக் கேட்க வேண்டியிருக்கிறதே! பயிரில் வாய் வைக்கிற மிருகம் எதுவானாலும், எந்த மாதமானாலும், யாரும் எங்கேயும் கொல்லலாம் என்று ஒரு சட்டம் போடுங்கள். குடியானவனும் வாழ்த்துவான், உங்கள் ஆசையும் தீரும்."

அதையே மல்லையன் சபையிலும் சொன்னபோது ஆதன் எழுந்து நின்றார். "பயிருக்கு வேலி போட ஆள் கொடுங்கள், மகாராஜா. சினையைக் கொன்றால் சீக்கிரமே காடு காலி."

"பார்த்தீர்களா! தன் சட்டம் போகிறதே என்று மந்திரிக்கு வயிறு எரிகிறது" என்றார் மல்லையன்.

"சட்டம் போட்டாயிற்று!" என்றார் ராஜா.

ஆதன் மறுத்துப் பேசவில்லை. "அப்படியானால் நம் வழக்கப்படி நடக்கட்டும். புதுச் சட்டம் முதல் நாள் அரண்மனை மதிலுக்குள், அப்புறம்தான் ஊருக்கு."

"மதிலுக்குள் என்ன, புலியா இருக்கிறது? நடக்கட்டும், நடக்கட்டும்!" என்று சிரித்தார் மல்லையன்.

மறுநாள் காலை. ஆதன் சொல்லி வைத்தபடி மடைப்பள்ளிச் சமையல்காரி வீராயி கீரைத் தோட்டத்துப் படலைத் திறந்து போட்டிருந்தாள். மல்லையனின் செல்லக் குதிரை பவளம், தண்ணீர் குடித்துத் திரும்பும் வழியில் தளதளவென்று நின்ற தண்டுக்கீரையைப் பார்த்ததும் உள்ளே நுழைந்துவிட்டது. கூச்சல் கேட்டு ராஜாவும் சபையும் ஓடி வந்தார்கள். அங்கே வீராயி கையில் ஈட்டி!

"யாரடி அது, என் குதிரைமேல் ஈட்டி ஓங்குவது?" என்று அலறினார் மல்லையன்.

"நான்தாஞ் சாமி, வீராயி. மத்தியானக் குழம்புக்கு வச்ச கீரை, பாதிப் பாத்தி போச்சு! பயிர்ல வாய் வச்சா யாரும் கொல்லலாமாமே?"

"அது காட்டு மிருகம் இல்லை!"

"நீங்கள் 'எதுவானாலும்' என்றுதானே சொன்னீர்கள்?" என்றார் ஆதன்.

வீராயி ஈட்டியை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். மல்லையன் பாய்ந்து போய்க் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"ஐயோ, வேண்டாம்! இது சினைக்குதிரை! வயிற்றில் குட்டி இருக்கிறது. ஈனுகிறவரையாவது விட்டுவிடுங்கள்!"

ராஜா குதிரையின் வயிற்றைப் பார்த்தார். மல்லையனைப் பார்த்தார்.

"நீர் இப்போது கெஞ்சுவதைத்தானே மல்லையா, ஆதன் சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்? காட்டு மானுக்கு உம்மைப் போல் கெஞ்ச வாய் இல்லை, அவ்வளவுதான்."

மல்லையன் தலை தொங்கியது. ராஜா தம் பட்டுச் சால்வையை ஆதனுக்குப் போர்த்தி, வேலி போட ஆட்களையும் கொடுத்தார். "மல்லையா, பழைய சட்டமே நிற்கிறது என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்வது உம் வேலை. நடந்தே போம். குதிரை சினை!"

மல்லையன் நடந்தார். வேலி கிடைத்த சந்தோஷத்தில் குடியானவர்கள் மோர் கொடுத்து, "காட்டைக் காப்பாத்தின மல்லையன் ஐயா!" என்று மாலை போட்டார்கள். நாலு ஊர் தாண்டுவதற்குள் அவர் மீசையை முறுக்கிக்கொண்டு, "நம்ம சட்டத்தை யாராவது தொட்டுப் பார்க்கட்டும்" என்று பேச ஆரம்பித்துவிட்டாராம்.

சேதி ஆதன் வீட்டுக்கு வந்தது. இலையில் போட்ட தோசை ஆறிக்கொண்டிருந்தது.

"கொற்றி, அதை எழுதினது நான்தானே?" என்று பெண்டாட்டியிடம் கேட்டார் மந்திரி.

"மானுக்கு அதெல்லாம் தெரியாதுங்க. சாப்பிடுங்க" என்றாள் அவள்.